தோட்டக்காரருக்கான வெப்பநிலைக் கணக்கு: செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும்

அமெரிக்காவில் எழுதப்படும் தோட்டக் குறிப்புகள் பெரும்பாலும் ஃபாரன்ஹீட்டில் இருக்கும். மற்ற நாடுகளின் குறிப்புகள் செல்சியஸில் வரும். இரண்டையும் படிக்கிறவருக்கு மாற்றக் கணக்கு அன்றாடத் தேவை. ஒரு வரிச் சூத்திரம்தான், கைப்பேசியே போட்டுக் கொடுத்துவிடும். அப்படியிருந்தும் நாற்றுத் தட்டு வேகிறது, விதை முளைக்காமல் கிடக்கிறது, பூ உதிர்கிறது. காரணம், எல்லா எண்ணுக்கும் ஒரே சூத்திரத்தைப் போட்டுவிடுவது.

"மண் 80 டிகிரி இருக்கட்டும்" என்பது ஒரு வகை எண். "அறையை விட 10 டிகிரி கூடுதலாக இருக்கட்டும்" என்பது வேறு வகை எண். முன்னது வெப்பமானியில் ஒரு புள்ளி, பின்னது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரம். இரண்டையும் மாற்றும் முறை வேறு வேறு. கீழே வரும் கணக்குகளில் இந்த ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் பெரிய தவறு வராது.

இடத்தைச் சுருக்க, செல்சியஸை °செ என்றும் ஃபாரன்ஹீட்டை °ஃபா என்றும் எழுதுகிறோம்.

அடிப்படைச் சூத்திரம்

தண்ணீர் உறையும் புள்ளிக்கும், கடல்மட்டக் காற்றழுத்தத்தில் அது கொதிக்கும் புள்ளிக்கும் இடையிலான தூரத்தைச் செல்சியஸ் 100 பங்காகப் பிரிக்கிறது. அதே தூரத்தை ஃபாரன்ஹீட் 180 பங்காகப் பிரிக்கிறது. ஆகவே ஒரு செல்சியஸ் டிகிரி என்பது 1.8 ஃபாரன்ஹீட் டிகிரி. தொடங்கும் இடமும் வேறு: உறைநிலை அங்கே 0, இங்கே 32. சூத்திரத்தில் 1.8 வருவது பங்கின் அளவுக்காக, 32 வருவது தொடக்கத்துக்காக.

செல்சியஸிலிருந்து ஃபாரன்ஹீட்: 1.8 ஆல் பெருக்கி, பிறகு 32 கூட்டுங்கள்.
°ஃபா = (°செ × 1.8) + 32

ஃபாரன்ஹீட்டிலிருந்து செல்சியஸ்: முதலில் 32 கழித்து, பிறகு 1.8 ஆல் வகுங்கள்.
°செ = (°ஃபா − 32) ÷ 1.8

இரண்டாவதில் வரிசை முக்கியம். கைப்பேசிக் கால்குலேட்டரில் 86 − 32 ÷ 1.8 என்று ஒரே மூச்சில் தட்டினால், அது வகுத்தலை முதலில் செய்து 68.2 என்று காட்டும். சரியான விடை 30. சாதாரண மேசைக் கால்குலேட்டரோ இடமிருந்து வலமாகவே போவதால் 30 என்றே காட்டும். ஒரே விசைகள், இரண்டு விடைகள். இதைத் தவிர்க்க, கழித்ததும் சமக்குறியை அழுத்தி 54 வந்ததைப் பார்த்துவிட்டு வகுங்கள். விரிதாளில் எழுதுவதானால் கழித்தலைக் கட்டாயம் அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.

விடை சரியா என்று ஒரு நொடியில் சோதிக்க வழி உண்டு. தோட்டத்தில் புழங்கும் எந்த வெப்பநிலையிலும், செல்சியஸ் எண் ஃபாரன்ஹீட் எண்ணின் பாதியை விடக் குறைவாகவே இருக்கும். 320 °ஃபா-வில்தான் அது சரியாகப் பாதியைத் தொடும், அதாவது 160 °செ. 86-இல் பாதி 43. எனவே 68.2 என்ற விடை தவறு என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

மனக்கணக்கு

கையில் மண், பையில் போன். அந்த நேரத்துக்கு மனக்கணக்குதான் உதவும்.

செல்சியஸிலிருந்து போக: எண்ணை இரட்டியுங்கள், வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள், 32 கூட்டுங்கள். 23 °செ எனில் 46, அதில் 4.6 போக 41.4, அதோடு 32 சேர 73.4 °ஃபா. இரட்டித்துப் பத்தில் ஒன்றைக் கழிப்பது 1.8 ஆல் பெருக்குவதேதான், ஆகவே இது துல்லியமான விடை.

திரும்பி வர: 32 கழியுங்கள், பாதியாக்குங்கள், அந்தப் பாதியில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 77 °ஃபா எனில் 45, பாதி 22.5, அதோடு 2.25 சேர 24.75. உண்மை விடை 25. கால் டிகிரிக் குறைவு தோட்ட வேலைக்குப் பொருட்டில்லை. துல்லியம் வேண்டுமானால் பத்தில் ஒன்றுக்குப் பதில் ஒன்பதில் ஒன்றைக் கூட்டுங்கள்: 22.5-இல் ஒன்பதில் ஒன்று 2.5, மொத்தம் 25.

"இரட்டித்து 30 கூட்டு" என்ற சுருக்கமும் புழக்கத்தில் இருக்கிறது. 10 °செ-இல் அது சரியாக 50 தரும். அங்கிருந்து மேலே போகப் போக விலகும்: 20-க்கு 70 என்கிறது, சரி 68. 30-க்கு 90 என்கிறது, சரி 86. 35-க்கு 100 என்கிறது, சரி 95. வானிலை பற்றிப் பேச்சுவாக்கில் சொல்ல இது போதும். விதைக்கும் மருந்துத் தெளிப்புக்கும் இதை நம்ப வேண்டாம். வெப்பம் பயிரைத் தாக்கும் எல்லையில்தான் இந்தச் சுருக்கம் அதிகம் தவறுகிறது.

எந்தத் திசையில் கூட்டுவது, எதில் கழிப்பது என்று குழம்புகிறவர்களுக்கு இன்னொரு வழி. −40 என்ற இடத்தில் இரண்டு அளவுகளும் ஒன்றாகிவிடுகின்றன. அதைப் பயன்படுத்தி, எந்தத் திசையானாலும் முதலில் 40 கூட்டுங்கள், நடுவில் 1.8 ஆல் பெருக்குங்கள் அல்லது வகுங்கள், கடைசியில் 40 கழியுங்கள். 25 °செ: 65, 117, 77 °ஃபா. திரும்பி வர: 77, 117, 65, 25. ஃபாரன்ஹீட் எண் பெரிது, அதனால் அங்கே போகப் பெருக்கு, இங்கே வர வகு. நினைவில் வைக்க வேண்டியது அவ்வளவுதான்.

இவற்றை எல்லாம் விடச் சிறந்தது சில இணைகளை மனப்பாடமாக வைத்துக்கொள்வது. ஒவ்வொரு 5 செல்சியஸ் டிகிரிக்கும் 9 ஃபாரன்ஹீட் டிகிரி ஏறும்:

0 °செ = 32 °ஃபா
5 °செ = 41 °ஃபா
10 °செ = 50 °ஃபா
15 °செ = 59 °ஃபா
20 °செ = 68 °ஃபா
25 °செ = 77 °ஃபா
30 °செ = 86 °ஃபா
35 °செ = 95 °ஃபா
40 °செ = 104 °ஃபா

இடையில் இலக்கங்கள் இடம் மாறும் இரண்டு இணைகள் எளிதில் நினைவில் நிற்கும்: 16 °செ ஏறக்குறைய 61 °ஃபா, 28 °செ ஏறக்குறைய 82 °ஃபா.

வித்தியாசத்துக்கு 32 கிடையாது

வித்தியாசத்தை மாற்றும்போது 1.8 மட்டும் போதும். 32-ஐத் தொடக் கூடாது. அது தொடக்கப்புள்ளியின் விலகல், இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தில் அதற்கு வேலை இல்லை.

நாற்றுத் தட்டுக்கு அடியில் விரிக்கும் மின்சார வெப்பப் பாய்களில் "சுற்றுப்புறத்தை விட 10 முதல் 20 °ஃபா வரை உயர்த்தும்" என்ற வகைக் குறிப்பு இருக்கும். செல்சியஸில் அது 5.6 முதல் 11.1 டிகிரி உயர்வு. இதையே புள்ளியாக எண்ணி மாற்றினால் −12.2 முதல் −6.7 என்று வரும். வெப்பப் பாய்க்கு அபத்தமான விடை என்பதால் இந்தத் தவறு உடனே பிடிபட்டுவிடும். எதிர்த்திசைத் தவறுதான் ஆபத்தானது. "தட்டின் வெப்பத்தை அறையை விட 5 °செ உயர்த்துங்கள்" என்பதைச் செயலியில் போட்டால் 41 °ஃபா என்று வருகிறது. உயர்த்த வேண்டியதோ 9 °ஃபா. 41 டிகிரி உயர்த்தினால் 70 °ஃபா அறையில் தட்டு 111 °ஃபா, அதாவது 44 °செ ஆகிவிடும். எந்தக் காய்கறி விதையும் அதில் தேறாது.

பனிக்காலத்தில் பயிரின் மேல் போடும் மெல்லிய துணி உறைகளும் இப்படித்தான். "4 °ஃபா பாதுகாப்பு" என்றால் உறைக்குள் வெளியை விட 4 ஃபாரன்ஹீட் டிகிரி கூடுதல் வெப்பம் இருக்கும் என்று பொருள். செல்சியஸில் 2.2 டிகிரி. இதைப் புள்ளியாக மாற்றி −15.6 °செ வரை தாங்கும் என்று நம்பினால் ஒரே இரவில் பயிர் போய்விடும்.

வித்தியாசத்தை அடையாளம் காட்டும் சொற்கள் சில: கூடுதலாக, குறைவாக, உயர்த்து, இறக்கு, விட, ஏற்ற இறக்கம், இடைவெளி, பிழை. வெப்பமானியின் துல்லியம் "±2 °ஃபா" என்றிருந்தால் அதுவும் வித்தியாசமே, ±1.1 °செ. ஒரே வாக்கியத்தில் இரண்டு வகையும் கலந்து வரலாம். "நாற்றுகளைப் பழக்க, நாளுக்கு 5 °ஃபா வீதம் குறைத்து 60 °ஃபா-வுக்குக் கொண்டு வாருங்கள்" என்ற வரியில் 5 என்பது வித்தியாசம், செல்சியஸில் 2.8. 60 என்பது புள்ளி, செல்சியஸில் 15.6. இப்படிப்பட்ட வரிகளை ஒவ்வோர் எண்ணாக நிறுத்தி மாற்றுங்கள்.

பயிர் வளர்ச்சியைக் கணக்கிடப் பயன்படும் வெப்ப நாள் அலகும் வித்தியாசங்களின் கூட்டுத்தொகை. ஒரு நாளின் உச்ச, நீச வெப்பநிலைகளின் சராசரியிலிருந்து அடிப்படை வெப்பநிலையைக் கழித்தால் அந்த நாளின் அலகு. பல பயிர்களுக்கும் பூச்சிகளுக்கும் அடிப்படை 50 °ஃபா, அதாவது 10 °செ. உச்சம் 86, நீசம் 60 எனில் சராசரி 73, அலகு 23. செல்சியஸில் அதே நாள் 30, 15.6, சராசரி 22.8, அலகு 12.8. 12.8-ஐ 1.8 ஆல் பெருக்கினால் 23. ஒரு பயிர் 1,800 ஃபாரன்ஹீட் அலகில் முதிரும் என்றால் அது 1,000 செல்சியஸ் அலகு. இங்கேயும் 32-க்கு வேலை இல்லை. தினமும் கழித்துக்கொண்டே போனால் பருவ முடிவில் கணக்கு ஆயிரக்கணக்கில் தவறும்.

அலகோடு பிறந்த விதிகள்

சில விதிகள் ஒரு குறிப்பிட்ட அளவில் மட்டும் பொருந்தும். அவற்றில் எண்ணை மாற்றினால் விதியே உடைந்துவிடும்.

விதைச் சேமிப்புக்கான பழைய விதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பத விழுக்காட்டையும் கூட்டினால் 100-க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில் இருந்தால்தான் இது செல்லும். 30 °செ, 60 விழுக்காடு ஈரப்பதம் உள்ள அறையில் செல்சியஸையே போட்டால் 90 வருகிறது, பாதுகாப்பு என்று தோன்றும். சரியான கணக்கு 86 + 60 = 146. அந்த அறையில் வெங்காய விதை போன்ற குறுகிய ஆயுள் விதைகள் வேகமாக முளைப்புத் திறனை இழக்கும். 5 °செ குளிர்பெட்டியில் 50 விழுக்காடு ஈரப்பதம் என்றால் 41 + 50 = 91, விதி நிறைவேறுகிறது. குளிர்பெட்டிக்குள் ஈரம் இதைவிடக் கூடுதலாக இருப்பதே வழக்கம். அதனால் விதையை நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத கொள்கலனில் அடைத்து வையுங்கள்.

அமெரிக்க வேளாண் துறையின் குளிர் தாங்கு மண்டல எண்களும் ஃபாரன்ஹீட்டில் பிறந்தவை. ஒவ்வொரு மண்டலமும் 10 °ஃபா அகலம், ஏ, பி என்ற உட்பிரிவுகள் 5 °ஃபா. மண்டல எண்ணைப் பத்தால் பெருக்கி 70 கழித்தால் அதன் கீழ் எல்லை ஃபாரன்ஹீட்டில் கிடைக்கும். மண்டலம் 9 எனில் 20 °ஃபா (−6.7 °செ), மண்டலம் 10 எனில் 30 °ஃபா (−1.1 °செ), மண்டலம் 11 எனில் 40 °ஃபா (4.4 °செ), மண்டலம் 12 எனில் 50 °ஃபா (10 °செ). கீழ் எல்லையை மாற்றிய பிறகு மேல் எல்லைக்கு 5.6 செல்சியஸ் டிகிரி கூட்டினால் போதும். இந்த எண்கள் ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவுகளின் சராசரியைச் சொல்பவை. கோடை பற்றி ஒன்றும் சொல்லாதவை. கோடை வெப்பத்துக்கென்று அமெரிக்கத் தோட்டக்கலைச் சங்கம் தனி மண்டல வரைபடம் வைத்திருக்கிறது. ஆண்டில் எத்தனை நாள் 86 °ஃபா-வைத் தாண்டுகிறது என்பது அதன் அளவுகோல், அது நேராக 30 °செ.

ஆப்பிள், பீச் போன்ற மரங்களுக்கான குளிர் மணி நேரக் கணக்கில், அதாவது குளிர்காலத்தில் மரம் எத்தனை மணி நேரம் குளிரில் இருந்தது என்று எண்ணும் கணக்கில், 45 °ஃபா என்ற எல்லை வரும். அது 7.2 °செ. செல்சியஸ் நூல்களில் 7 என்றோ 7.2 என்றோ அச்சாகியிருப்பது இதுதான்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்

விதைப் பொட்டலத்தில் "26.7 °செ-இல் முளைக்கும்" என்று பார்த்தால், பத்தில் ஒரு டிகிரி வரை சோதித்து எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றும். அது 80 °ஃபா என்ற முழு எண்ணை யாரோ இயந்திரத்தனமாக மாற்றியது. 15.6, 18.3, 21.1, 23.9, 26.7, 29.4, 32.2 ஆகியவற்றை எங்கே கண்டாலும் அவற்றுக்குப் பின்னால் 60, 65, 70, 75, 80, 85, 90 நிற்கின்றன. எதிர்ப்பக்கத்தில் 59, 68, 77, 86 என்று ஃபாரன்ஹீட்டில் கண்டால் அவை 15, 20, 25, 30 °செ. மூல எண் "ஏறக்குறைய" என்றால் மாற்றிய எண்ணும் ஏறக்குறையவே. 26.7-ஐத் துரத்த வேண்டாம், 27 போதும்.

தசமத்தை விட்டு முழு எண்ணாக்குவதை முழுமையாக்குவது என்கிறோம். அதன் திசையைப் பயிர்தான் தீர்மானிக்க வேண்டும். குறைந்தபட்ச எல்லையை மேல்நோக்கி முழுமையாக்குங்கள், அதிகபட்ச எல்லையைக் கீழ்நோக்கி. 60 °ஃபா-வுக்குக் குறையக் கூடாது என்றால் 16 °செ என்று எழுதுங்கள், 15 என்று எழுதாதீர்கள். 105 °ஃபா தாண்டக் கூடாது என்றால் 40 °செ என்று எழுதுங்கள், 41 என்று எழுதாதீர்கள்.

இந்த முறையில் மாற்றிய மண் வெப்பநிலைகள் கீழே. முதல் எண் முளைக்கத் தேவையான குறைந்தபட்சம், அடுத்தது மிகப் பொருத்தமானது, கடைசியில் மேல் எல்லை.

தக்காளி: 50, 85, 95 °ஃபா, 10, 29, 35 °செ
மிளகாய், குடைமிளகாய், கத்தரி: 60, 85, 95 °ஃபா, 16, 29, 35 °செ
வெண்டை, வெள்ளரி: 60, 95, 105 °ஃபா, 16, 35, 40 °செ
முட்டைக்கோஸ்: 40, 85, 100 °ஃபா; 5, 29, 37 °செ
கேரட்: 40, 80, 95 °ஃபா, 5, 27, 35 °செ
வெங்காயம்: 35, 75, 95 °ஃபா, 2, 24, 35 °செ
லெட்டூஸ்: 35, 75, 85 °ஃபா, 2, 24, 29 °செ

குறைந்தபட்சம் என்பதை விதைக்கும் நாளாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தக்காளி 10 °செ மண்ணில் முளைக்க ஆறு வாரம் ஆகும், 15-இல் இரண்டு வாரம், 20-இல் எட்டு நாள், 25-இல் ஆறு நாள். அதற்குப் பிறகு வேகம் கூடுவதில்லை, 35-இல் ஒன்பது நாளாக மீண்டும் நீள்கிறது. ஃபாரன்ஹீட் நூல்களில் இதே பட்டியல் 50, 59, 68, 77, 95 என்று இருக்கும். மேலே சொன்ன ஐந்து டிகிரிப் படிகள் அப்படியே அங்கே தெரியும்.

இவை எல்லாம் மண்ணின் வெப்பநிலை. காற்று வேறு, மண் வேறு. விதை கிடக்கும் ஆழத்தில், ஏறக்குறைய 5 சென்டிமீட்டரில் வெப்பமானியைச் செருகி, காலையில் பாருங்கள். மதியம் வெயிலில் காயும் கறுப்புத் தட்டின் மேல்மண் காற்றை விடப் பல டிகிரி சூடாக இருக்கும். லெட்டூஸ் கோடையில் முளைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், காற்று 27 °செ இருக்கும்போதே மண் 29-ஐத் தாண்டிவிடும்.

பூக்கும் பருவத்திலும் இரண்டு மூன்று எண்கள் தெரிந்திருக்க வேண்டும். தக்காளியில் பகல் 90 °ஃபா-வையும் (32 °செ) இரவு 75 °ஃபா-வையும் (24 °செ) தாண்டிப் போகும்போது மகரந்தம் கெட்டுப் பூ உதிரத் தொடங்குகிறது. இரவு 55 °ஃபா-வுக்குக் (13 °செ) கீழே போனாலும் காய் பிடிப்பது குறைகிறது. கந்தகத் தெளிப்பையும் எண்ணெய்த் தெளிப்பையும் 90 °ஃபா-வுக்கு மேல் தவிர்க்கச் சொல்லும் லேபிள்கள் 32 °செ-ஐத்தான் சொல்கின்றன. இலை கருகும் எல்லை அது.

தவறக் கூடாத இடங்கள்

இங்கே முழுமையாக்கலில் தாராளம் காட்ட முடியாது.

விதை மூலம் பரவும் பாக்டீரிய நோய்களைத் தடுக்கச் செய்யும் வெந்நீர் நேர்த்தி முதலாவது. தக்காளிக்கும் கத்தரிக்கும் 122 °ஃபா-வில் 25 நிமிடம், அது துல்லியமாக 50 °செ. மிளகாய்க்கு 125 °ஃபா-வில் 30 நிமிடம், அது 51.7 °செ. மிளகாயை 50-க்கு இறக்கினால் நோய்க்கிருமி பிழைத்துக்கொள்ளலாம், 55-க்கு ஏற்றினால் விதை செத்துவிடலாம். அரை டிகிரி காட்டும் வெப்பமானி வேண்டும். முதலில் 100 °ஃபா (38 °செ) வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் வைத்து, பிறகு சூடான நீருக்கு மாற்றி, முடிந்ததும் குளிர்ந்த நீரில் போட்டு உலர்த்துங்கள். பழைய விதையும் பலவீனமான விதையும் இந்தச் சூட்டைத் தாங்காது. சில விதைகளை மட்டும் முதலில் சோதித்து முளைப்பைப் பார்த்துவிட்டு மீதியைச் செய்யுங்கள்.

அடுத்தது நாற்றங்கால் மண்ணைச் சூடாக்கிக் கிருமி நீக்குவது. "180 டிகிரியில் 30 நிமிடம்" என்ற குறிப்பு ஃபாரன்ஹீட்டில் எழுதப்பட்டது. மண்ணின் உள்ளே 82 °செ வர வேண்டும் என்பதே அதன் பொருள். செல்சியஸ் அளவுள்ள அடுப்பை 180-இல் வைத்தால் அது 356 °ஃபா. 200 °ஃபா-வைத் (93 °செ) தாண்டினாலே மண்ணில் மாங்கனீசு போன்றவை அதிகமாக விடுபட்டு நாற்றுகளுக்கு நஞ்சாகின்றன. அடுப்பின் குமிழைப் பார்க்காமல் மண்ணின் நடுவில் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். பெரும்பாலான நோய்க்கிருமிகள் 140 °ஃபா-வில், அதாவது 60 °செ-இல், 30 நிமிடத்திலேயே இறந்துவிடும்.

கம்போஸ்ட் குவியலுக்கு 131 °ஃபா என்ற எண் அடிக்கடி வரும், 55 °செ. கிருமிகள் அடங்க அமெரிக்க விதிகள் கேட்கும் வெப்பம் இது. மூடிய கலனில் 3 நாள், நீள் குவியலில் 15 நாள், அந்த 15 நாளுக்குள் குறைந்தது 5 முறை புரட்ட வேண்டும். 160 °ஃபா-வை (71 °செ) நெருங்கினால் மட்கச் செய்யும் நுண்ணுயிர்களே சாகத் தொடங்கும், அப்போது புரட்டிச் சூட்டை இறக்குங்கள். கம்போஸ்டில் அலகு இல்லாத "60" என்ற எண்ணைக் கண்டால் நிதானியுங்கள். 60 °செ என்றால் குவியல் நன்றாக வேலை செய்கிறது. 60 °ஃபா என்றால் 15.6 °செ, குவியல் தூங்குகிறது.

குளிர்ப் பகுதிகளில் உறைபனி எண்களுக்கும் இதே கவனம் வேண்டும். முழுப் பூவில் நிற்கும் ஆப்பிளுக்கு அரை மணி நேரம் 28 °ஃபா பட்டால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மொட்டு சாகும், 25 °ஃபா பட்டால் பத்தில் ஒன்பது சாகும். செல்சியஸில் அவை −2.2, −3.9. வெறும் 1.7 டிகிரி வித்தியாசத்தில் மொத்த விளைச்சலும் அடங்கியிருக்கிறது. ஆகவே இங்கே பத்தில் ஒரு பங்கை விட்டுவிடாதீர்கள். உறைநிலைக்குக் கீழே மனக்கணக்குப் போடும்போது குறியைக் கவனியுங்கள். −5 °செ எனில் இரட்டித்து −10, அதில் பத்தில் ஒன்றைக் குறைத்தால் −9, 32 கூட்ட 23 °ஃபா. −11 என்று போய் 21 எழுதுவது இங்கே வழக்கமாக நேரும் தவறு.

"0 டிகிரி வரை தாங்கும்" என்ற செடிக் குறிப்பு எல்லாவற்றிலும் ஆபத்தானது. 0 °செ வரை தாங்கும் செடி லேசான பனியிலேயே போய்விடலாம். 0 °ஃபா வரை தாங்கும் செடி −17.8 °செ வரை நிற்கும். அலகு தெரியாமல் அந்தச் செடியை வெளியே வைக்காதீர்கள்.

அலகு எழுதாத எண்கள்

காற்று வெப்பநிலை 60-க்கு மேல் எழுதியிருந்தால் அது ஃபாரன்ஹீட்தான், செல்சியஸில் அப்படி ஒரு நாள் இல்லை. 25-க்குக் கீழே, வெப்பப் பயிரைப் பற்றிய எண் என்றால் அது செல்சியஸாகவே இருக்கும். சிக்கல் 30-க்கும் 50-க்கும் இடையில். "40 டிகிரியில் பாதுகாப்பு தேவை" என்பது கடும் வெயிலையும் குறிக்கலாம், கடும் குளிரையும் குறிக்கலாம். அப்போது பக்கத்தில் உள்ள மற்ற அளவுகளைப் பாருங்கள். ஆழம் அங்குலத்தில், நீர் கேலனில், உரம் பவுண்டில் இருந்தால் வெப்பம் ஃபாரன்ஹீட். சென்டிமீட்டரும் லிட்டரும் இருந்தால் செல்சியஸ். நிழல்வலையைப் பற்றிப் பேசுகிறதா, போர்வைத் துணியைப் பற்றியா என்பதும் துப்புதான்.

கருவியைச் சரிபார்த்தல்

இரட்டை வளையம் அச்சிட்ட முள் வெப்பமானிகளில் எந்த வளையம் எதற்கு என்று தினமும் குழம்ப நேரும். வேண்டாத வளையத்தின் மேல் ஒரு துண்டு நாடாவை ஒட்டிவிடுங்கள். டிஜிட்டல் கருவிகளின் பின்புறம் அலகு மாற்றும் சிறு பொத்தான் இருக்கும், கைபட்டாலே மாறிவிடும். பேட்டரி மாற்றியதும் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பும் கருவிகளும் உண்டு. பசுமைக்குடிலின் வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இது நடந்தால் விளைவு பெரிது. 25 என்று வைத்த இலக்கு ஃபாரன்ஹீட்டாகப் படிக்கப்பட்டால் பெட்டியைப் பொறுத்தவரை இலக்கு −3.9 °செ, ஹீட்டர் ஓடவே ஓடாது. பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் திரையில் அலகைப் பாருங்கள்.

உச்ச-நீச வெப்பமானி, அதாவது குழாய் ஆங்கில யூ எழுத்தைப் போல வளைந்த வகை, நீசப் பக்கத்தில் தலைகீழாக எண்ணிடப்பட்டிருக்கும். அங்கே மேலே போகப் போக எண் குறையும். மாற்றக் கணக்குக்கு முன்பே படிப்பதில் தவறினால் எந்தச் சூத்திரமும் உதவாது. இரண்டு பக்கத்திலும் குறிமுள்ளின் கீழ் முனையைப் படியுங்கள்.

வெப்பமானி உண்மையைச் சொல்கிறதா என்று பார்க்க, நொறுக்கிய பனிக்கட்டியை டம்ளர் நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். உணரி அடியையோ பக்கத்தையோ தொடாமல் மூன்று நான்கு நிமிடம் வைத்தால் 0 °செ, 32 °ஃபா காட்ட வேண்டும். கொதிநீர்ச் சோதனை அவ்வளவு நம்பகமானதல்ல. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு செல்சியஸ் டிகிரி வீதம் கொதிநிலை குறையும். பனிக்கட்டியில் 1.5 °செ காட்டுகிற கருவியை எறிய வேண்டாம். அதன் முதுகில் "1.5 °செ கழி" என்று எழுதுங்கள். ஃபாரன்ஹீட்டில் படிப்பவர் 2.7 கழிக்க வேண்டும்.

தோட்டக் குறிப்பேட்டில் எண்ணோடு அலகையும் எழுதுங்கள். வெளி நூலிலிருந்து எடுத்த எண் என்றால் மூல எண்ணை முதலில் எழுதி, மாற்றியதைப் பக்கத்தில் வையுங்கள்: "85 °ஃபா (29 °செ), மண், காலை, 5 செ.மீ. ஆழம்". முழுமையாக்கிய எண்ணை மட்டும் எழுதி வைத்து, அடுத்த ஆண்டு அதையே திரும்ப மாற்றினால், 29 °செ 84 °ஃபா ஆகிவிடும். அடுத்தவர் அதை 80 என்று சுருக்குவார். மூல எண் பக்கத்திலேயே இருந்தால் இந்தத் தேய்மானம் நேராது.